எருமைத் தாத்தா எழுதுவது

மகனே ஜெபா,

இதை உட்கார்ந்து வாசி. நின்றுகொண்டே வாசித்து முடிக்கிற அளவுக்குச் சின்னக் கடிதம் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். நானும் மழை உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். முப்பத்தொன்பது வருஷம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதினவன், பெற்ற பிள்ளைக்கு இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. அதனால் இதில் கோர்வை இருக்காது. பொறுத்துக்கொள்.

உன் மனைவியும் மகளும் நேற்றுக் காலையில் ரயில் ஏறிவிட்டார்கள். குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தில் கிருபாவுக்கு வேலை, புனேயில். ரூத்துக்கும் அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். வழியனுப்ப வருகிறாயா என்று மூன்று தடவை போனில் கேட்டேன். கம்பெனியில் ஆடிட் நடக்கிறது, ஓசூரை விட்டு நகர முடியாது என்று மூன்று தடவையும் சொன்னாய். "வாலே" என்று ஒரு அதட்டு அதட்டியிருந்தால் நீ வந்திருப்பாய். எனக்குத் தெரியும். ஏன் அதட்டவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னாலே போக வேண்டியிருக்கிறது.

கிருபா உன்னை விட்டு வள்ளியூரில் அவள் அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. இந்த ஒன்றரை வருஷமும் சனிக்கிழமை தவறாமல் ரூத்தைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வாள். பெருமழை பெய்து ஆற்றில் வெள்ளம் போன வாரத்தில்கூட வந்தாள். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையில் அந்தப் புத்தகம் இருக்கும். கிருபா எழுதிப் படம் போட்ட முதல் புத்தகம், 'கொக்கு மாமா குளிக்கப் போனார்'. மூன்று வயசில் கையில் எடுத்தது, ஆறு வயசிலும் கீழே வைக்கவில்லை. நடுத்தையல் விட்டுப்போய், உன் அம்மா கோணி ஊசியால் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

முதல் சனிக்கிழமை என்னிடம் நீட்டி, "வாசிங்க தாத்தா" என்றது. வாசித்தேன். இரண்டு பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தது. "தாத்தா, நீங்க வாசிக்கது ரேஷன் கடை போர்டை வாசிக்க மாதிரி இருக்கு" என்றது. அடுக்களையில் உன் அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சல்லடை கீழே விழுந்தது. "கொக்கு எப்பிடி நிக்கும்? ஒத்தக் கால்ல நில்லுங்க. நின்னாத்தான் கொக்குக் குரல் வரும்." அறுபத்தெட்டு வயசில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். வேறு என்ன செய்ய? உனக்கு நான் ஒருநாளும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டியதில்லை. கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். எப்படி வாசித்தால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை அந்தப் பிள்ளை இரண்டே பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டது.

நீ அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அதனால் சொல்லுகிறேன். ஒரு கொக்கு. நெடுநெடுவென்று உயரம். கோடு போட்ட டவுசர், தலையில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். அருவிக்குக் குளிக்க வருகிறது. கையில் கட்டின வாட்சைக் கழற்ற மனசில்லாமல் அதற்கு மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. தண்ணீரில் கால் விரல் நுனியை வைத்துப் பார்க்கிறது, எடுத்துவிடுகிறது. தவளை வந்து "தண்ணி எப்படி இருக்கு மாமா?" என்றால் "யோசிக்கணும்லா!" என்கிறது. குரங்கு வந்து கேட்டாலும் "யோசிக்கணும்லா!" நத்தைகூடக் குளித்துத் தலை துவட்டிப் போய்விடுகிறது. கடைசியில் யாரோ விட்டுப்போன சோப்பில் கால் வழுக்கித் தொப்பென்று தண்ணீருக்குள் விழுகிறது கொக்கு. எல்லோரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தால், தலையை மட்டும் வெளியே நீட்டி, "நான் விழல, குதிச்சேன்!" என்கிறது. அந்த இடம் வந்தால் ரூத்து என்னை வாசிக்க விடாது. அதுவே எழுந்து நின்று கத்தும்.

உன் கல்யாணம் முடிந்த மாசத்தில் நாம் எல்லோரும் பாபநாசம் அருவிக்குப் போனோமே, அன்றைக்கு நடந்ததுதான் இது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் நீ கால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். விழுந்து எழுந்து "நானாத்தான் குதிச்சேன்" என்றாய். கிருபா சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். நீயும் சிரித்தாய் லே. தண்ணீருக்குள் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் பை சுற்றின கையைத் தூக்கிக் காட்டி, அவளைப் பார்த்து அப்படிச் சிரித்தாய். உன்னை நான் அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் கொக்கின் கண்ணை ஒருநாள் உற்றுப் பார். பிடிக்காத ஆளை ஒருத்தியால் அப்படி வரைய முடியாது. எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் இத்தனை சனிக்கிழமை அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இவ்வளவு தெரிகிறது.

பிறகு அந்த வெளியீட்டு விழா. பள்ளிக்கூட ஹாலில் நாற்பது ஐம்பது பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, கிருபா ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிக் காட்டி வாசித்தாள். நாம் பின்னால் நாற்காலியில் இருந்தோம். வாட்சுப் படம் வந்ததும் உன் சித்தப்பா எழுந்து, "ஏலே, இது நம்ம ஜெபால்லா! வாட்சுக்குச் சட்டை போட்டுருக்கான் பாரு!" என்று சத்தம் போட்டான். அவனுக்கு எந்த இடத்தில் எதைப் பேச வேண்டும் என்று என்றைக்குத் தெரிந்திருக்கிறது? சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பி உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகளும் திரும்பி "கொக்கு மாமா, கொக்கு மாமா" என்று கூப்பாடு போட்டார்கள். கடைசிப் பக்கத்தை முந்தியே பார்த்துவிட்ட, முன்பல் இல்லாத ஒரு பயல் எழுந்து வந்து உன் முன்னால் நின்று, "நெசமா சொல்லுங்க, விழுந்தீங்களா குதிச்சீங்களா?" என்று கேட்டான். ஹால் முழுக்க உன் வாயையே பார்த்தது. கிருபாவும் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "குதிச்சேன்" என்று ஒரு வார்த்தை. அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

உன் பின்னாலேயே நான் வந்தேன். வராண்டாவில் நீ தூணில் சாய்ந்து நின்றாய். காதெல்லாம் சிவந்து கிடந்தது. "ஊர் சிரிக்க வச்சுட்டாப்பா" என்றாய். அந்த இடத்தில் அப்பன் என்று ஒருத்தன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போலே, மூதி, பிள்ளைங்கதான சிரிக்குது. உள்ள போ" என்று முதுகில் ஒன்று வைத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "நீ சொல்லுதது சரிதான். வீட்டுல உள்ளத வெளிய வரையப்பிடாது. நான் அவகிட்டச் சொல்லுதேன்" என்றேன். சொல்லவும் செய்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆபீசில் புதுசாக வந்த குமாஸ்தாவிடம் பேசுகிற மாதிரி, "எம்மா, இனிமே இந்தக் கொக்குப் படம் வேண்டாம். ஆம்பிளைக்கு ஒரு மரியாதை இருக்குல்லா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவருகே நின்ற உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய். "சரி மாமா" என்றாள். அதற்குப் பிறகு அவள் கொக்கு வரையவில்லை. கொக்கு மட்டுமா? இரண்டு வருஷம் ஒன்றுமே வரையவில்லை. நீயும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோபம், சண்டை, கைநீட்டல் என்று ஒன்றும் கிடையாது. உன்னை விட்டு வந்தபிறகு உன் அம்மாவிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அத்தை, அந்த வீட்டுல சிரிக்கதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியிருக்கு."

நீ ஏன் அப்படி எழுந்து போனாய் என்று கிருபாவுக்கு அப்போது தெரியாது. உனக்கே தெரியுமோ தெரியாதோ. எனக்குத் தெரியும். இதை உன் அம்மாவிடம்கூட இத்தனை வருஷம் நான் பேசியதில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நம் சபைக் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற மூன்று சாஸ்திரிகளில் நீ ஒருத்தன். பஞ்சில் தாடி செய்து பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பொன் கொண்டுவந்தேன் என்று நீ மண்டியிடும்போது தாடி ஒரு பக்கம் கழன்று காதில் தொங்கிற்று. எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். வேறு பிள்ளையாயிருந்தால் அழுதிருக்கும். நீ தாடியைக் கையில் எடுத்தாய், இப்படியும் அப்படியும் பார்த்தாய், முன்னணையில் வைக்கோல்மேல் கிடந்த பொம்மைக் குழந்தை இயேசுவின் முகத்தில் அதை ஒட்டிவிட்டாய். ஒட்டிவிட்டுச் சபையைப் பார்த்துக் கும்பிட்டாய். மக்கா, கோயிலே அதிர்ந்தது. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கிழவிகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தார்கள். நீ மேடையில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய்; ஏழு வயசில் ஏதோ ராஜ்யத்தையே பிடித்த மாதிரி உன் முகம் இருந்தது. நான் வரிசையைத் தாண்டி வந்து உன் காதைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அறைந்தேன். "நாலு பேரு சிரிக்கும்படியா நடப்பியாலே?" என்றேன். நீ அழவில்லை. "எல்லாரும் சந்தோஷமாத்தானப்பா சிரிச்சாங்க?" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் இன்னொரு தடவை அறைந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து நாடகத்துக்குப் பேர் கொடுக்கிற அன்றைக்கெல்லாம் உனக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஒழுக்கமாக வளர்கிறான் பையன் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்று கேட்டால், சொல்லக்கூடிய காரணம் சின்னதுதான். பத்தொன்பது வயசில் வேலையில் சேர்ந்த அன்று எனக்குச் சட்டை கிடையாது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தோள் முழங்கைவரை தொங்கிற்று. அங்கே பெரிய குமாஸ்தா என்னைப் பார்த்துவிட்டு, "வே, சட்டைதான் வந்திருக்கு, ஆள் எங்க?" என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு வருஷம் என் பெயர் 'சட்டை'. அன்றிலிருந்து சிரிப்பு என்றால் எனக்கு அந்தச் சிரிப்புதான். இப்படி ஒரு சிரிப்பும் அப்படி ஒரு சிரிப்பும் உண்டு, இரண்டும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டது. அதை உனக்கும் கொடுத்தேன். நிலம் நீச்சு கொடுக்க முடியவில்லை; இதைக் கொடுத்தேன்.

இப்போது சமீபத்தில் நடந்ததற்கு வருகிறேன். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கிருபா ரூத்தை விட்டுவிட்டு உடனே போகாமல் உட்கார்ந்தாள். புனே வேலையைப் பற்றிச் சொன்னாள். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு கிருபா பையிலிருந்து காகிதத்தில் தைத்த ஒரு புத்தகத்தை எடுத்தாள். அச்சாகாதது. கையால் வரைந்து, பென்சிலால் எழுதியது. "மாமா, இது புதுசா செஞ்சிருக்கேன். அவுகளைப் பத்தி இல்ல. உங்களைப் பத்தி. நீங்க வேண்டாம்னு சொன்னா இங்கனயே கிழிச்சிருதேன். இந்தத் தடவை கேக்காம செய்ய மாட்டேன்" என்றாள். ஆனால் கை புத்தகத்தை விடவில்லை.

'எருமைத் தாத்தா.' தலைப்பைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் ஒருத்தனை எருமை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் குடை, கறுப்பு நிறம், பெரிய வயிறு. யார் என்று கேட்க வேண்டியதில்லை. எருமைத் தாத்தா ஆற்றங்கரைக்கு வருகிறார். தலையில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. மீன் சிரிக்கிறது, அணில் சிரிக்கிறது, ஆமை சிரிக்கிறது. "எதுக்குச் சிரிக்கே?" என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டு விசாரிக்கிறார். சிரிப்பில் ஒன்றுக்கும் பேச்சு வரவில்லை. கரையில் 'இங்கு சிரிக்கக் கூடாது' என்று போர்டு வைக்கிறார். போர்டைப் பார்த்து இன்னும் சிரிக்கிறார்கள். கடைசியில் தண்ணீர் குடிக்கக் குனியும்போது ஆற்றில் தன் முகத்தைப் பார்க்கிறார், மேலே காக்காவோடு. எல்லாம் பயந்து வாயைப் பொத்திக்கொள்கின்றன. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். வெறும் காகிதம்.

"இங்க என்ன?" என்றேன்.

"தெரியல மாமா. அதுக்குப் பொறவு தாத்தா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியல. அன்னைக்கு ஹாலில அவுக என்ன செய்வாகன்னு தெரியும்னு நெனச்சேன், தப்பாப் போச்சு. உங்களுக்கு என்ன செய்வீங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க."

எனக்கும் தெரியவில்லை. அதுதான் நிஜம். கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அந்தப் போர்டு வைக்கிற பக்கத்தில் ஒரு சிரிப்பும் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரூத்து என் மடியில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, இது நீங்கதான!" என்று அந்த வயிற்றைத் தொட்டுக் காட்டியது. அதன் முகத்தில் பரிகாசம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். தாத்தா புத்தகத்தில் வந்துவிட்டார் என்கிற பெருமைதான் இருந்தது. "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அச்சுக்குக் கொடுக்குமுன் பிள்ளைகளிடம் வாசித்துப் பார்க்க வேண்டுமாம். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று பார்த்துத்தான் திருத்துவார்களாம். அம்பாசமுத்திரத்தில் அவளுக்குத் தெரிந்த டீச்சர் ஒருத்தியின் நர்சரிப் பள்ளிக்கூடம். "நீங்களும் வாரீங்களா மாமா?" என்றாள். உன் அம்மா, "போங்க, எருமை இல்லாம எப்பிடி?" என்றாள். பஸ்ஸில் போனோம். நான் ஓரமாக ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள். முதல் பக்கத்திலேயே ஒன்று படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையின் காதில் சொன்னது. அது அடுத்ததிடம். பிறகு ஒரே சிரிப்பு. எனக்குக் காது சூடேறிற்று. எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஜெபா, அன்றைக்கு ஹாலில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்காலி சின்னது, நான் அதில் இறுகிக் கிடந்தேன். அதனால்தான் எழவில்லை என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஒரு சிறுபிள்ளை பைய எழுந்து வந்து என் தலையைத் தடவிப் பார்த்தது. "காக்கா போயிட்டு" என்று எல்லோரிடமும் அறிவித்தது. நானும் தலையைத் தடவிப் பார்த்தேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது. எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை, வயிறு வலித்தது.

வெறும் பக்கம் வந்ததும் கிருபா, "இனிமே தாத்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். காக்காவை விரட்டுவார், கல்லால் எறிவார், முங்கிக் குளிப்பார் என்று ஒவ்வொன்றும் சொன்னது. பேசாமல் இருந்த ஒரு பெண்பிள்ளை கடைசியில், "தாத்தா பைய நடந்து வீட்டுக்குப் போவாங்க. வேகமாப் போனா காக்கா விழுந்துரும்லா" என்றது. கிருபா அதை அப்படியே பென்சிலால் அந்தப் பக்கத்தில் எழுதினாள். எழுதும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். என் மருமகள் எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு நல்ல பிள்ளை என்று முழுசாகத் தெரிந்தது. புறப்பட இருபது நாள் இருக்கும்போது தெரிந்து என்ன செய்ய?

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். "எம்மா, அன்னைக்கு நான் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னது தப்பு. என்னாலதான் இவ்வளவும்." கோயிலுக்குப் பின்னால் உன்னை அறைந்ததையும் சொன்னேன். வெளியே வயலையே பார்த்துக்கொண்டு கேட்டாள். சேரன்மகாதேவி தாண்டினபிறகு சொன்னாள்: "நீங்க சொன்னதுக்காக நான் அவுகளை விட்டு வரல மாமா. பெரியவுக ஆயிரம் சொல்லுவாங்க. 'அப்பா சொன்னது தப்பு, நீ வரை'ன்னு அவுக ஒரு தடவை சொல்லுவாகன்னு ரெண்டு வருஷம் பாத்தேன். அவுகளுக்கு நீங்க வேண்டாம்னா வேண்டாம், நீங்க சரின்னா சரி. நான் யார்கூட குடும்பம் நடத்துதேன்னே எனக்குத் தெரியல."

இப்போது புரிகிறதா, உன்னை ஏன் அதட்டவில்லை என்று? அப்பா சொன்னான் என்று ஸ்டேஷனுக்கு வந்து நின்றவனை வைத்து அவள் என்ன செய்வாள்? என் வாயால் 'போ' என்றால் நீ போவது கெட்டுப்போகும். 'போகாதே' என்றாலும் கெட்டுப்போகும். முப்பத்தாறு வருஷமாக உனக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லவேண்டிய ஒரே ஒரு நேரம் வந்திருக்கிறது, சொன்னால் விஷமாகிவிடும். புத்திமதி எழுதுவதற்குத்தான் அப்பன்மார் கடிதம் எழுதுவார்கள். என்னிடம் அதுகூட இல்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன். நீ படித்தவன். நீயே பார்த்துக்கொள்.

நேற்று அவர்கள் வள்ளியூரிலேயே ரயில் ஏறியிருக்கலாம். நாங்கள் பிள்ளையைக் கூடக் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று முந்தின நாளே வந்து நம் வீட்டில் தங்கி, ஜங்ஷனில் ஏறினாள். உன் அம்மா வழிக்குத் தோசையும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொடுத்தாள். ரயில் வந்ததும் கிருபாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ரூத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்பாவுக்கு ஆடிட் முடிஞ்சிட்டா?" என்று கேட்டது. "முடியப் போகுதும்மா" என்றேன். அது தலையாட்டிவிட்டு, எதிர்சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த வரம் இருக்கிறது.

சிக்னல் விழுந்ததும் கிருபா கதவருகே வந்து, நாலாக மடித்த ஒரு தாளை என்னிடம் கொடுத்தாள். புனேயில் அவர்கள் இருக்கப்போகிற வீட்டு விலாசம். "அவுக கேட்டா குடுங்க மாமா. அவுகளா கேக்கணும். கேக்கலன்னா குடுக்க வேண்டாம்" என்றாள். சரி என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன். வண்டி நகர்ந்தது.

இன்று காலையிலிருந்து அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. கேள் என்று நான் உனக்குச் சொல்வதும் முறையில்லை. ஆனால் முப்பத்தொன்பது வருஷம் கோப்பு பார்த்தவன் நான். அவள் சொன்னதை வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பார்த்துவிட்டேன். தாள் இருக்கிறது என்பதை உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அதனால் தெரிவிக்கிறேன்.

விலாசம் என்னிடம் இருக்கிறது.

அப்பா